வழியில் தொலைந்த இரண்டு வோல்ட்

"புது பேட்டரி போட்டேன். புது ரெகுலேட்டர் போட்டேன். பல்பையும் மாத்திட்டேன். இன்னும் என்னதான் போடறதுங்க மேஸ்திரி?"

கேட்டவர் சென்னியப்பன். வயது ஐம்பத்து நாலு.

"கொஞ்ச நேரம் கையைக் கீழ போடுங்கண்ணா," என்றார் மேஸ்திரி. அவர் பெயர் கோகிலவாணி. வயது முப்பத்தொன்று.

இப்படி ஒரு குருவும் இப்படி ஒரு சீடரும் கொல்லிமலை மேலே இருந்தார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தால், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு பலாமரம். மரத்தடியில் ஒரு தகரக் கூரை. மோட்டார் சைக்கிளுக்கு வயரிங் பார்க்கிற கடை. அதுதான் குருகுலம்.

சென்னியப்பன் அடிவாரத்து டவுனில் இருபத்தாறு வருஷம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்றவர். ஆள் வந்து, "அண்ணே, லைட்டு..." என்று வாயைத் திறந்தால் போதும். மீதியைக் கேட்கமாட்டார். கை தானாகப் பின்னால் போகும், அலமாரியைத் தடவும், சரியான அட்டைப்பெட்டியோடு திரும்பி வரும். எந்த வண்டிக்கு எந்த நம்பர் சாமான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

முதலாளி கடையை மூடிவிட்டு மகனோடு போய் இருந்துகொண்டார். சென்னியப்பன் வீட்டில் நாலு நாள் உட்கார்ந்து பார்த்தார். ஐந்தாம் நாள் பஸ் ஏறி மலைக்கு வந்துவிட்டார்.

"எனக்கு வேலை தெரியுங்க," என்றார் வந்த அன்று.

மேஸ்திரி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்குச் சாமான் தெரியுதுண்ணா. வேலை தெரியல."

வேறு யாராக இருந்தாலும் அப்படியே பஸ் ஏறித் திரும்பியிருப்பார்கள், அதுவும் தன் மகள் வயசுக்காரி சொன்னால். சென்னியப்பன் திரும்பவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"அப்ப வேலையைச் சொல்லிக்குடுங்க மேஸ்திரி," என்றார்.

அன்றைக்கு அந்த வாய் 'மேஸ்திரி' என்று கூப்பிட்டதுதான். அப்புறம் மாறவே இல்லை.

ஆறு மாசம் ஓடிப்போனது. வயரை உரிக்கத் தெரிந்தது. சூடு வைத்து ஒட்டத் தெரிந்தது. ஆனால் மீட்டர் மட்டும் கைக்கு வரவில்லை. வோல்ட் அளக்க மேஸ்திரி கழுத்தில் மாட்டியிருக்கிற அந்த மஞ்சள் மீட்டரை, மனிதர் கோயில் சாமியைப் பார்ப்பதுபோல் தினமும் பார்ப்பார்.

"அதை எனக்கு எப்பங்க குடுப்பீங்க?"

"உங்க கை சும்மா இருக்கிற அன்னிக்கு."

கை சும்மா இருந்தால் எப்படி வேலை நடக்கும்? சென்னியப்பனுக்குப் புரியவில்லை. புரியாவிட்டாலும் இன்னும் வேகமாக வேலை செய்தார்.

*

இப்போது வண்டி யாருடையது என்று சொல்லவேண்டும்.

வண்டி சீரங்கனுடையது. அந்த மலையிலேயே பிறந்த ஆள். வயது நாற்பதுக்குள். ஆஸ்பத்திரியில் எடுக்கிற ரத்தத்தை ஐஸ் டப்பாவில் வைத்து, தினமும் மூன்று மணிக்கு எடுத்துக்கொண்டு, அடிவாரத்து லேபில் சேர்ப்பது அவர் வேலை. மழைக்காலத்தில் மூன்றரைக்கெல்லாம் மேகம் இறங்கி ரோட்டின் மேல் படுத்துக்கொள்ளும். பகல்தான், ஆனால் நீட்டின கை தெரியாது. லைட் இருந்தால் வண்டி போகும். லைட் இல்லையென்றால் இல்லை.

முதல் தடவை வந்தபோது பேட்டரி நிஜமாகவே செத்திருந்தது. சென்னியப்பன் மாற்றினார். பத்து நாளில் லைட் மங்குகிறது என்று திரும்பி வந்தது. பல்பை மாற்றினார். மறுபடி வந்தது. ரெகுலேட்டரை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் பேட்டரியைக் கழற்றி, ராத்திரி முழுக்கக் கடைக் கரண்டில் சார்ஜ் போட்டு, "ஆச்சு போங்க தம்பி, இனி வராது," என்று அனுப்பினார்.

இது நாலாவது தடவை. சீரங்கன் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினபோது முழங்காலில் கட்டு போட்டிருந்தார்.

"என்னாச்சு?" என்று மேஸ்திரி கேட்டார்.

"நேத்து பாதி மலையில லைட்டு மங்கி, மங்கி, அப்படியே கண்ணை மூடிக்கிச்சுங்க. எதிர்ல பஸ்ஸு. அவனுக்கு என்னைத் தெரியல. எனக்கு அவன் ஹாரன் மட்டும்தான் தெரிஞ்சுது. ஓரத்துல விட்டு விழுந்துட்டேன்."

"டப்பா?"

"கட்டிப்புடிச்சுக்கிட்டே விழுந்தேன். ஒண்ணும் ஆகல. அந்த பஸ்ஸுலயே குடுத்தனுப்பிட்டேன்."

சொல்லிவிட்டுச் சீரங்கன் சென்னியப்பனைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது சென்னியப்பனுக்கு.

அப்போதுதான் அவர் கேட்டார், இன்னும் என்னதான் போடறது என்று.

மேஸ்திரி எழுந்து வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணா, இந்த வண்டி அஞ்சாவது தடவை இங்க வந்துச்சுன்னா, நீங்க மலை ஏற வேண்டாம். கீழயே இருந்துக்கங்க."

"மேஸ்திரி..."

"உங்க மேல கோவம் இல்ல. வேற கடையில தப்பு பண்ணினா வண்டி நிக்கும். இங்க தப்பு பண்ணினா ஆள் போயிரும்."

சென்னியப்பன் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். "இன்னிக்கு நான்தான் பாப்பேன்," என்றார். "நானே பாத்து, நானே முடிப்பேன்."

"பாருங்க. மணி பதினொண்ணு. மூணு மணிக்கு டப்பா இறங்கணும்."

சென்னியப்பன் ஸ்பேனர் பெட்டியை எடுக்கக் குனிந்தார். மேஸ்திரி முந்திக்கொண்டார். பெட்டியைச் சாத்திப் பூட்டினார். அதன் மேலேயே உட்கார்ந்தும் கொண்டார்.

"ஸ்பேனர் இல்லாம என்னங்க பண்றது?"

"கேளுங்க."

"யாரைக் கேக்கறது?"

மேஸ்திரி கழுத்திலிருந்த மஞ்சள் மீட்டரைக் கழற்றி அவர் கையில் வைத்தார்.

ஆறு மாசம் ஆசைப்பட்ட பொருள். கைக்கு வந்த நேரத்தில் அது செங்கல் மாதிரி கனத்தது.

*

சென்னியப்பன் சைடு மூடியைச் சாவியால் திறந்தார். மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் ப்ளஸ்ஸில் வைத்தார். கறுப்பு முனையை மைனஸில் வைத்தார்.

"பன்னெண்டு புள்ளி ஒண்ணு."

சீரங்கன் கிக்கரை உதைத்து வண்டியை எடுத்து ஆக்சிலேட்டரை முறுக்கினார். வண்டி ஓடும்போது எண் ஏறவேண்டும். பதினாலைத் தாண்டவேண்டும். அப்போதுதான் பேட்டரி சாப்பிடுகிறது என்று அர்த்தம்.

"பன்னெண்டு புள்ளி மூணு. அவ்வளவுதான். ஏறல மேஸ்திரி."

"சரி."

"அப்ப காயில் போயிருச்சு. இதுக்கு நம்பர் எனக்குத் தெரியும், ஒரு போன் போட்டா நாளைக்குள்ள..."

"காயிலைக் கேட்டீங்களா?"

சென்னியப்பன் எடுத்த போனைக் கீழே வைத்தார்.

"இதுக்குத்தான் நான் பெட்டி மேல உக்காந்திருக்கேன்," என்றார் மேஸ்திரி.

இன்ஜினுக்குள் சுற்றுகிற காயிலிலிருந்து மூன்று மஞ்சள் வயர் வெளியே வரும். அவற்றின் சாக்கெட்டைக் கையாலேயே பிரித்தார். ஒன்றும் இரண்டும். இரண்டும் மூன்றும். மூன்றும் ஒன்றும். மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். சீரங்கன் முறுக்கினபோது மூன்று தடவையும் எண் அறுபதுக்குப் போய் நின்றது. மூன்றும் ஒரே மாதிரி.

"அறுபது!" என்று கத்தினார் சென்னியப்பன். "அறுபது மேஸ்திரி! காயில் தங்கம்!"

"அதுக்கு நீங்க ஏன் குதிக்கறீங்க? நீங்களா சுத்தினீங்க?"

சீரங்கன் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அதுதான் முதல்.

சென்னியப்பனும் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே சாக்கெட்டைத் திரும்ப மாட்டினார். அடுத்து ரெகுலேட்டர். காயில் தருவதை வாங்கி, பேட்டரிக்கு ஏற்ற மாதிரி பதப்படுத்தி அனுப்புவது அது. புதுசு. அவரே போட்டது. அதன் சிவப்பு வயரில் ஒரு முனை. அதன் அலுமினிய உடம்பில் ஒரு முனை.

"பதினாலு புள்ளி மூணு."

இரண்டாம் தடவை பார்த்தார். பதினாலு புள்ளி மூணுதான். மறுபடி பேட்டரிக்குப் போனார். பன்னிரண்டு புள்ளி மூணு.

மீட்டரைத் தட்டினார். சீரங்கனை இன்னும் முறுக்கச் சொன்னார். அங்கே போனால் பதினாலு. இங்கே வந்தால் பன்னிரண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் தூரம்கூட இல்லை.

"மேஸ்திரி."

"ம்."

"ரெண்டு வோல்ட்டைக் காணோம்."

"தேடுங்க."

"கிளம்பும்போது பதினாலா கிளம்புது. வீடு வந்து சேரும்போது பன்னெண்டா வருது."

"அப்ப வழியில ஏதோ நடக்குது."

மணி பன்னிரண்டரை. மேஸ்திரி தூக்குப் போசியைத் திறந்து, பெட்டியை விட்டு இறங்காமலேயே தயிர்ச்சோறு சாப்பிட்டார். சீரங்கனுக்கும் ஒரு தட்டு கொடுத்தார். சென்னியப்பனைக் கூப்பிட்டார். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

ரெகுலேட்டரிலிருந்து பேட்டரி ப்ளஸ்ஸுக்குப் போகிற சிவப்பு வயர் ஒன்றுதான் வழி. அதை விரலால் தடவிக்கொண்டே போனார். வெட்டு இல்லை. கருகல் இல்லை. வழியைத்தானே கேட்கவேண்டும்? வயரின் இந்த நுனியில் ஒரு முனையையும் அந்த நுனியில் இன்னொரு முனையையும் வைத்தார்.

மீட்டர் பூஜ்யம் காட்டியது.

அழுத்தி வைத்தார். பூஜ்யம். முனைகளை மாற்றி வைத்தார். பூஜ்யம்.

"மேஸ்திரி, மீட்டர் செத்துப்போச்சு."

"இப்பத்தானே அறுபது காட்டுச்சு."

"இப்ப ஒண்ணுமே காட்டலீங்க. வயர் நல்லா இருந்தா ஏதாவது காட்டணும்ல? பதினாலாவது, பன்னெண்டாவது?"

மேஸ்திரி கை கழுவினார். கடைக்குப் பின்னால் பழைய டயர் போட்டுவைக்கிற ஒரு சின்ன அறை உண்டு. அதன் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். மேஸ்திரி நேராக நடந்து அதற்குள் போனார். வெளியே வந்தார். மறுபடி உள்ளே போனார். மறுபடி வந்தார்.

சீரங்கன் சோற்றுத் தட்டோடு பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரிக்கு என்னவோ ஆகிவிட்டது என்றே நினைத்தார்.

"நான் போய் வந்தப்ப கதவு ஏதாவது சொல்லுச்சாண்ணா?"

"இல்லீங்க."

மேஸ்திரி மூன்றாம் தடவை உள்ளே போனார். இந்தத் தடவை கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து தட்டினார்.

டம். டம். டம்.

தகரக் கூரை அதிர்ந்தது. பலாமரத்தில் இருந்த காக்கை பறந்து போனது.

கதவைத் திறந்து வெளியே வந்த மேஸ்திரி ஒன்றும் பேசாமல் பெட்டி மேல் போய் உட்கார்ந்தார்.

சென்னியப்பன் கதவைப் பார்த்தார். கையிலிருந்த மீட்டரைப் பார்த்தார். அதில் இருந்த பூஜ்யத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் அப்படியே குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். ஆறு மாசத்தில் முதல் தடவையாக அவருடைய இரண்டு கையும் மடியில் கிடந்தன.

"சீரங்கண்ணே, அவரைக் கூப்பிடாதீங்க," என்று மேஸ்திரி மெல்லச் சொன்னார்.

பிறகு சென்னியப்பன் எழுந்தார்.

"வழி அடைச்சிருந்தாத்தான் தட்டும். பூஜ்யம்னா சிவப்பு வயருக்கு ஒரு குறையும் இல்ல," என்றார். யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. "போற வழி திறந்திருக்கு. ஆனா போனது திரும்பி வரணுமே. திரும்பி வர வழியை நான் கேக்கவே இல்லையே."

பேட்டரியின் மைனஸில் கறுப்பு முனையை வைத்தார். ரெகுலேட்டரின் உடம்பில் சிவப்பு முனையை வைத்தார்.

"முறுக்குங்க தம்பி."

சீரங்கன் முறுக்கினார்.

இரண்டு.

"தட்டுது மேஸ்திரி," என்றார் சென்னியப்பன். "இங்கதான் தட்டுது."

*

பேட்டரியின் மைனஸிலிருந்து ஒரு தடித்த கறுப்பு வயர் கிளம்பி, சீட்டுக்குக் கீழே வண்டியின் இரும்புச் சட்டத்தில் ஒரு போல்ட்டில் முடியும். எர்த் என்பார்கள். திரும்பி வருகிற கரண்ட் எல்லாம் இரும்பு வழியாக வந்து அந்தப் போல்ட்டில் ஏறித்தான் பேட்டரிக்கு வீடு திரும்பவேண்டும்.

சென்னியப்பன் சீட்டைத் தூக்கினார். எட்டிப் பார்த்தார்.

பார்த்தவர் நிமிரவே இல்லை.

"என்னங்க, பாம்பா?" என்றார் சீரங்கன்.

போல்ட்டைச் சுற்றி, வயரின் வளையத்துக்கு அடியில், பளபளவென்று கறுப்பு பெயிண்ட். இரண்டு கோட். ஓரத்தில் பிரஷ் மயிர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு வழியாமல், பிசிறு இல்லாமல், கோயில் வாகனத்துக்கு அடித்த மாதிரி அவ்வளவு நேர்த்தியாக அடித்திருந்தது.

யார் அடித்தது என்று சென்னியப்பனுக்குத் தெரியும்.

கவுண்டரில் நின்ற காலத்திலிருந்து அவருக்கு ஒரு வழக்கம். அழுக்கு படிந்த எதையும் ஆள் கையில் கொடுக்கமாட்டார். பழைய சாமானானாலும் துணியால் துடைத்து, பளிச்சென்று ஆக்கித்தான் தருவார். முதல் தடவை சீரங்கன் வண்டிக்குப் பேட்டரி மாற்றினபோது அந்த இடத்தில் லேசாகத் துரு இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. வயரைக் கழற்றி, துருவைத் தட்டி, பெயிண்ட் அடித்து, காயவிட்டு, மேலே வயரை வைத்து முடுக்கியிருந்தார். யாரும் அடிக்கச் சொல்லவில்லை. யாரிடமும் அவர் சொல்லவும் இல்லை.

"தம்பி," என்றார். "ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"செல்ஃப் பட்டனை அமுக்கினா வண்டி எடுக்குதா? நீங்க ஏன் எப்பவும் கிக்கர்லயே உதைக்கறீங்க?"

"எங்கீங்க எடுக்குது? 'டிக்'குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். நீங்க புது பேட்டரி போட்டீங்களே, அன்னியிலிருந்தே."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

சீரங்கன் கிக்கரைக் காலால் மடக்கிவிட்டார்.

"நீங்க எங்கீங்க கேட்டீங்க? நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அட்டைப்பெட்டியைப் பிரிச்சுட்டீங்களே."

மேஸ்திரி இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு இறங்கினார். பெட்டியின் பூட்டைத் திறந்தார். பத்தாம் நம்பர் ஸ்பேனரையும் ஒரு துண்டு உப்புத்தாளையும் எடுத்துச் சென்னியப்பன் கையில் கொடுத்தார்.

சென்னியப்பன் போல்ட்டைக் கழற்றினார். தான் அடித்த பெயிண்டைத் தானே தேய்த்தார். முதல் கோட் போனது. இரண்டாம் கோட் போனது. நெற்றி வேர்வை சொட்டினது. வெள்ளை இரும்பு தெரிகிற வரைக்கும் விடவில்லை. வயரின் வளையத்தையும் தேய்த்தார். இரும்பு மேல் வளையம் நேராக உட்கார முடுக்கினார். முடுக்கின பிறகு, துரு ஏறாமல் இருக்க மேலே கிரீஸைத் தடவினார்.

"இப்ப அமுக்குங்க தம்பி. பட்டனை."

வண்டி ஒரே சிணுங்கலில் எடுத்தது. பேட்டரியில் மீட்டரை வைத்தார். பதினாலு புள்ளி ஒண்ணு. ஹெட்லைட் பலாமரத்தின் அடிமரத்தில் விழுந்தது. மத்தியான வெளிச்சத்திலேயே மரப்பட்டை வரி வரியாகத் தெரிந்தது.

சீரங்கன் வந்து நின்று பார்த்தார்.

"என்ன சாமானுங்க போயிருந்துச்சு?"

சின்னக் கேள்விதான். 'எர்த் லூசா இருந்துச்சு' என்று மூன்று வார்த்தையில் முடித்திருக்கலாம். அதில் பொய்யும் அவ்வளவாக இல்லை. மேஸ்திரி அவர் முகத்தையே பார்க்கவில்லை. தூக்குப் போசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சாமானும் போகல தம்பி," என்றார் சென்னியப்பன். "நான் போட்டதுதான் குறை. எர்த்துக்கு அடியில பெயிண்ட் அடிச்சு அடைச்சு வெச்சது நான். உங்க முழங்கால் காயம் என்னாலதான்."

சீரங்கன் முழங்காலைப் பார்த்தார். அப்புறம் வண்டியைப் பார்த்தார்.

சென்னியப்பன் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார்.

"மேஸ்திரி, இனிமே நான்..."

"அதை அப்புறம் பேசலாம். மணி ரெண்டே முக்கால். டப்பா முதல்ல இறங்கட்டும்."

*

டப்பா வந்தது. மேகமும் வந்தது. அன்றைக்கென்று அரைமணி நேரம் முன்னாடியே இறங்கிவிட்டது. எதிரே பஸ் நிற்கிற இடம் தெரியவில்லை.

சீரங்கன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க," என்றார். "மூணு தடவை 'ஆச்சு போங்க'ன்னீங்க. மூணு தடவையும் போனேன். இப்ப கால் வர மாட்டேங்குது."

"சாவியைக் குடுங்க," என்றார் சென்னியப்பன். "நான் ஓட்டறேன். நீங்க டப்பாவைப் புடிச்சுக்கிட்டுப் பின்னால உக்காருங்க. அணைஞ்சா முதல்ல நான்தான் விழுவேன்."

"விழுந்தா ரெண்டு பேரும்தான் விழுவோம்," என்றார் சீரங்கன். ஆனாலும் ஏறிக்கொண்டார்.

மேஸ்திரி மீட்டரைச் சென்னியப்பன் கழுத்தில் மாட்டினார்.

"ஸ்பேனர்?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"எதுக்கு?"

அவர் மறுபடி கேட்கவில்லை.

வண்டி இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் சென்னியப்பன் ஹாரன் அடித்தார். வெளிச்சம் பாலில் போட்ட கரண்டி மாதிரி கொஞ்ச தூரம் போய் மறைந்தது. ஆனால் ரோட்டின் வெள்ளைக் கோடு தெரிந்தது. அது போதும். பத்து வளைவு. இருபது வளைவு. பின்னால் சீரங்கன் எண்ணிக்கொண்டே வந்தார்.

"முப்பத்திமூணு," என்றார் சீரங்கன்.

ரோட்டில் ஒரு குழி. வண்டி குதித்தது.

ஹெட்லைட் அணைந்தது.

மங்கவில்லை. ஒரேயடியாக அணைந்தது. முன்னால் ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை.

சென்னியப்பன் காலை ஊன்றி, இன்ஜினை அணைக்காமல் வண்டியை ஓரத்தில் நிறுத்தினார். நாக்கு நுனியில் பல்ப் நம்பரும் ரெகுலேட்டர் நம்பரும் வரிசையாக வந்து நின்றன. வலது கை தானாகப் பின்னால் போனது, அலமாரியைத் தேடி.

சீரங்கனுடைய கட்டுப்போட்ட முழங்கால்தான் கைக்குத் தட்டுப்பட்டது.

"அய்யோ! வலிக்குதுங்க!"

சென்னியப்பன் கையை எடுத்துக்கொண்டார்.

"இறங்குங்க தம்பி. டப்பாவோட மலைப்பக்கமா தள்ளி நில்லுங்க."

இண்டிகேட்டரைப் போட்டார். பளிச், பளிச் என்று முழு வெளிச்சத்தில் மின்னியது. அப்படியானால் பேட்டரிக்குப் பசி இல்லை. அதை மாற்றவேண்டியதில்லை.

கீழே எங்கோ ஒரு பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஏறி வருகிறது. எத்தனை வளைவு தள்ளி என்று சொல்ல முடியாது.

"தம்பி, நேத்து விழுந்தீங்களே. வண்டியில எது முதல்ல இடிச்சுது?"

"முன்பக்கங்க. ஹெட்லைட்டுக்குக் கீழ. ஓரத்துக் கல்லுல."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

சென்னியப்பன் ஹேண்டில்பாருக்குக் கீழே இடது பக்கமாகக் கையை விட்டார். விரலுக்கே கண் இருந்தது போலத் தடவினார். பல்புக்குப் பின்னால் ஒரு சாக்கெட். தொட்டதும் ஆடியது. உடனே பிடித்துத் தள்ளிவிடத்தான் கை பரபரத்தது. தள்ளவில்லை. முதலில் மீட்டரின் கறுப்பு முனையை வண்டியின் இரும்பிலும் சிவப்பு முனையைச் சாக்கெட்டின் பின்பக்கத்திலும் வைத்தார். சீரங்கன் செல்போன் வெளிச்சத்தைக் காட்டினார்.

பதினாலு.

"இதுவரைக்கும் வருது," என்றார் சென்னியப்பன். "பல்புக்குப் போகல."

ஹாரன் பக்கத்தில் கேட்டது.

"சீக்கிரங்க!"

"இருங்க."

சாக்கெட்டை நேராக்கினார். உள்ளே இருக்கிற பித்தளைப் பின் ஒன்றும் மடங்கவில்லை என்று விரலால் பார்த்துக்கொண்டார். பெருவிரலால் அழுத்தினார். 'டக்' என்று உட்கார்ந்தது.

வெள்ளைக்குள் ஒரு வழி திறந்தது. அந்த வழியின் முடிவில் பஸ் வந்துகொண்டிருந்தது. அவர்கள் வெளிச்சத்தைப் பார்த்து டிரைவர் வேகத்தைக் குறைத்து, ஒதுங்கி, மேலே ஏறிப் போனார்.

சீரங்கன் டப்பாவோடு வந்து வண்டியில் உட்கார்ந்தார்.

"முப்பத்தி நாலு," என்றார் சற்று நேரம் கழித்து.

*

நாலே கால் மணிக்கு அடிவாரத்து லேபில் டப்பாவைக் கொடுத்தார்கள். உள்ளே இருந்த பெண் ஐஸ் உருகவில்லையா என்று பார்த்தார். ரசீதில் கையெழுத்துப் போட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

சீரங்கன் டீ சொல்லப் போனார். சென்னியப்பன் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று மேஸ்திரிக்குப் போன் போட்டார்.

"மேஸ்திரி, டப்பா சேர்ந்துருச்சுங்க."

"ம்."

மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணம் தாண்டிப் போகட்டும் என்று நின்றார்.

"நடுவுல ஹெட்லைட் அணைஞ்சுச்சுங்க. முப்பத்திமூணாவது வளைவுல."

அந்தப் பக்கம் எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அணைஞ்சு?"

"சரியாயிருச்சு. அங்கிருந்து அதுலதான் வந்தோம்."

"என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணும் மாத்தலீங்க."

கடைக்கு எதிரே பஸ் வந்து நிற்கிற சத்தம் போனில் கேட்டது. கண்டக்டர் விசில் ஊதினார்.

"காலையில எட்டு மணிக்கெல்லாம் வந்துருங்கண்ணா. ரெண்டு வண்டி நிக்குது."